உதட்டைப் பார்த்துக் கேட்டவனுக்கு

இன்று காலை வடக்குப்பட்டில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய பையன்கள் எல்லோர் கழுத்திலும் நீலக் கயிற்றில் காதடைப்பான் தொங்கியது. டீக்கு நின்ற ஒருவன் அதைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. எனக்கு உன் மேல்தான் கோபம் வந்தது. நாம் வேலை பார்த்தபோது நமக்கும் கொடுத்தார்கள். "இத்த மாட்டிக்கினா மிஷின் மக்கர் பண்றது காதுல வுழாது மச்சான்" என்று சொல்லிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வாய். உன்னைப் பார்த்து நானும் போட்டுக்கொண்டேன்.

பிரஸ் ஷாப்பில் இரும்புத் தகட்டை அடித்து வளைக்கும் சத்தத்தில் வாய்ப்பேச்சுக்கு வேலையில்லை. எதிராளியின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்தோம். மீதிக்குக் கை இருந்தது. விரலைச் சுழற்றினால், ஓட்டு. உள்ளங்கையை நெஞ்சுக்கு இழுத்தால், கையை எடு. அந்தச் சைகைக்கு மட்டும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கேட்டுக்கொண்டு நின்றவனுக்கு விரல் மிஞ்சாது.

வயசான காலத்துக்கு உன்னைப் போல் தயாரானவனை நான் பார்த்ததில்லை. பிள்ளைப்பாக்கத்தில் வீடு கட்டும்போதே கீழே உனக்கென்று ஓர் அறை எடுத்தாய். அதற்குத் தடுக்கி விழ வாசற்படி கிடையாது. கக்கூஸில் பிடித்து எழக் கம்பி, கட்டிலிலிருந்து கை நீட்டினால் சுவிட்ச். கொத்தனார் சிரித்தார். "சிரி, சிரி. முட்டி போனப்புறம் உன்ன இட்டாந்து கட்டச் சொல்லுவனா?" என்றாய். கண்ணில் புரை என்றதும் தள்ளிப்போடாமல் எடுத்துக்கொண்டாய். மனைவி போன பிறகு சமையல்கூடக் கற்றுக்கொண்டாய். உன் சாம்பாரை வாயில் வைக்க முடியாது என்பது வேறு விஷயம்.

காதை மட்டும் விட்டுவிட்டாய். காதுக்கு மெஷின் வைக்கச் சொன்ன டாக்டரிடம் சண்டைக்குப் போனாய். "செவிடன்னு நானே போர்டு மாட்டிக்கணுமா?" சர்ச்சில் முதல் வரிசைக்கு மாறினாய். பாஸ்டரின் வாயை விட்டுக் கண்ணை எடுக்காத உன்னை ஊரே பக்திமான் என்றது. வீட்டில் உன் மகன் முதுகுப் பக்கமாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அப்பாவுக்குச் சுத்தமாகக் கேட்காது என்று முடிவு கட்டினான். எதிரில் நின்று பேசினால் உனக்கு எல்லாம் பிடிபட்டது. ஆனாலும் அதை அவனிடம் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினாய்.

எனக்கும் இடது காது போய்விட்டது. நான் மெஷின் மாட்டிக்கொண்டேன். வீட்டில் யாராவது என்னைப் பற்றி முணுமுணுத்தால், "கேக்குது, நேரா எங்கிட்ட சொல்லு" என்கிறேன். அவர்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை. பரவாயில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து உன் வீட்டில் சாப்பிட்டோம். மருமகள் கறிக்குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். உன் மகன் உனக்கு நேர் எதிரில் உட்கார்ந்து, குரலைக்கூடத் தாழ்த்தாமல், "கீழ் ரூம கம்பெனி பசங்களுக்கு வாடகைக்கு வுட்டுட்லாம். அப்பாவ மாடி ஷீட் ரூமுக்கு மாத்திடலாம்" என்றான்.

"வெயில் காலத்துல அவரால முடியுமா?" என்று கேட்டாள்.

"அவருக்கு இன்னா தெரியப் போவுது? இப்பகூட பாரு, எலும்ப கடிச்சிகினு கீறாரு."

நான் வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் நீ உள்ளங்கையை நெஞ்சுக்கு இழுத்தாய். கையை எடு. பழக்க தோஷம், நான் வாயை மூடிக்கொண்டேன். நம் விரல்களைக் காப்பாற்றிய சைகையை உன் மகனைக் காப்பாற்றச் செலவழித்தாய். இன்றுவரை என்னால் அதை மன்னிக்க முடியவில்லை.

கொஞ்ச நாளில் உன் கட்டில் மாடியில் ஷீட் கூரைக்குக் கீழே போனது. நீ கம்பி வைத்த கக்கூஸை வாடகைப் பையன்கள் பயன்படுத்தினார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நீ முட்டியைப் பிடித்துக்கொண்டு இரும்புப் படியில் இறங்கினாய், ஏறினாய். சித்திரை வெயிலில் ஒரு நாள் நீ மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கி வரவில்லை. மேலே போய்ப் பார்த்தபோது உயிர் போயிருந்தது.

கல்லறைத் தோட்டத்தில் உன் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "ஒரு மனக்கொறையும் இல்லாம பூட்டாரு அங்கிள். கடைசி வரிக்கும் அவருக்கு ஒன்னும் தெரியாது."

என்னால் அடக்க முடியவில்லை. "உங்க அப்பன் உதட்ட பாத்தே எல்லாத்தியும் புரிஞ்சிக்குவான்டா. ஷீட் ரூமுக்கு மாத்தலாம்னு நீ பேசினியே, எலும்ப கடிச்சிகினே அதையும் பாத்துகினு தான் இருந்தான்."

அவன் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. நானும் பிரஸ் ஷாப்காரன்தான், எனக்குப் புரிந்தது. அப்பா ஏன் சொல்லவில்லை என்று கேட்டான்.

பதில் எனக்குத் தெரியும். இதையே கேட்டு நான் உன்னைத் திட்டியபோது, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நீ சொன்னாய்: "சொன்னா எழுந்து வெளில போய் பேசுவானுங்க மச்சான். இப்ப எதிர்லயாவது உக்காந்துகினு கீறானுங்க."

அதை நான் அவனுக்குச் சொல்லவில்லை. இரக்கத்தால் இல்லை. அவன் மேல் நீ வைத்திருந்த ஆசை முழுவதும் அந்த ஒரு பேச்சில்தான் இருக்கிறது. அதையும் அவனுக்கே கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. நானே வைத்துக்கொண்டிருக்கிறேன்.