விருப்பச் செலவு

ஒக்டோபர் 14, செவ்வாய்

விடியவே மழை. பஸ் பிந்தியது. குடை வேலையிடத்தில் கிடக்கிறது, தேவைப்படும்போது ஒருநாளும் வீட்டில் இருக்காது.

நகரசபை நிதிப்பிரிவில் காலை முழுக்கக் கூட்டம். மேலதிகாரி பிறிங்க்மன் (இனி பி.) பேயறைந்த முகத்தோடு வந்தார். எங்கள் வரவுசெலவுத் திட்டத்தை மாநிலம் திருப்பி அனுப்பிவிட்டது. கடன்கார நகரம் என்பதால் எங்களுக்கு மேலே கண்காணிப்பு. கடமைச் செலவை மட்டும் வைத்துக்கொண்டு விருப்பச் செலவை வெட்டச் சொல்லி உத்தரவு.

கடமை: பள்ளிக்கூடம், தீயணைப்பு, உதவிப்பணம்.
விருப்பம்: நீச்சல் தடாகம், நூலகம், பெண்கள் காப்பகம்.

அடி தாங்காமல் ஓடிவருகிற பெண்ணுக்கு ஒரு கட்டில் கொடுப்பது விருப்பச் செலவாம். யாருடைய விருப்பம் என்று கேட்க வாய் வந்தது. பதினெட்டு வருஷ வேலை, வாயை மூடப் பழகியாயிற்று.

வெட்டுப் பட்டியல் தயாரிப்பது நான். வெளியே மூச்சு விடக்கூடாது. அதனால் இதைத் தமிழில் எழுதுகிறேன், அங்கே இருக்கிற ஜேர்மன்காரர் ஒருவருக்கும் விளங்காது. வீட்டில் குகனுக்கு விளங்கும், ஆனால் கல்யாணம் செய்த நாளிலிருந்து அவர் ஒன்றையும் வாசித்து நான் காணவில்லை.

வாங்க: உள்ளி, பால், இருமல் மருந்து.

ஒக்டோபர் 16, வியாழன்

சுதா போன். (இனி சு.) கோவிலில் பழக்கமான பிள்ளை, எங்கள் தெருவிலிருந்து நாலு தெரு தள்ளி வீடு. புருஷன் ரவி அண்ணை ஊருக்கெல்லாம் நல்லவர். யார் வீடு மாறினாலும் தன் வான் வண்டியோடு வந்து நிற்பார், செத்த வீடென்றால் முதல் ஆள். வீட்டுக்குள் அவள்மேல் கை நீளும். இரண்டு வருஷமாக எனக்குத் தெரியும். காப்பகத்தின் நம்பரைப் போன மாதம் நான்தான் கொடுத்தேன்.

இன்று சொல்கிறாள்: “அக்கா, முடிவெடுத்திட்டன். மகளின்ர சாமத்திய வீடு முடியட்டும். முடிஞ்ச கையோட வெளிக்கிடுறன்.”

நவம்பர் 8. பிள்ளை வயதுக்கு வந்த சடங்கு. ஹோல் எடுத்தாயிற்று, கார்ட் கொடுத்தாயிற்று, வீடியோக்காரர் பாரிசிலிருந்து வருகிறார்.

“இப்ப போனா சனம் பிள்ளையைத்தான் கதைக்கும், அக்கா.”

சரிதான் என்றேன். நானும் அந்தச் சனத்தில் ஒருத்திதானே.

ஒக்டோபர் 23, வியாழன்

குளிர் தொடங்கிவிட்டது. சிக்கனமென்று வேலையிடத்தில் ஹீற்றர் பாதி.

காப்பகத்தை நடத்துகிற அம்மா வந்தார், ஃபிராவ் வெல்லர். ஒல்லியான ஆள், குரல் மட்டும் கனம். பி. விளக்கினார்: பெர்லின் புதுச்சட்டம் போட்டிருக்கிறது, அடிபட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் காப்பகத்தில் இடம் உரிமை. நல்ல சட்டம். உரிமை வர இன்னும் சில வருஷம் இருக்கிறது. பெர்லின் காசு மாநிலத்துக்கு வரட்டும், பிறகு பார்ப்போம் என்கிறது மாநிலத் தலைநகர் டுசல்டோர்ஃப். மாநிலம் தரட்டும், பிறகு பார்ப்போம் என்கிறோம் நாங்கள்.

“அதுவரை?” என்று ஃபிராவ் வெல்லர்.

“உரிமை வரும்வரை சட்டப்படி அது விருப்பம்தான்,” என்றார் பி.

ஜன்னலுக்கு வெளியே சந்தைச் சதுக்கத்தைக் கிண்டுகிறார்கள். புதுக் கல், நீரூற்று, மரத்துக்கு மரம் விளக்கு. அது பெர்லின் காசு. வந்தே விட்டது, இந்த வருஷமே செலவழிக்க வேண்டும். சம்பளத்துக்குத் தொடக்கூடாது என்று நிபந்தனை. கல்லுக்கு இருக்கிறது, ஆளுக்கு இல்லை.

“அப்போ நீரூற்றுக்குள் கட்டில் போடுங்கள்,” என்றார் அந்த அம்மா. பி. கண்ணாடியைத் துடைத்தார்.

முடிவு: நவம்பர் 3 முதல் செலவுத்தடை. காப்பகம் புதிதாக ஒருவரையும் எடுக்க ஏலாது. உள்ளே இருப்பவர்கள் வெளியேறியதும் பூட்டு.

சாமத்திய வீடு 8ஆம் திகதி.

ஒக்டோபர் 26, ஞாயிறு

குளிர்கால நேரம், மணிக்கூட்டை ஒரு மணி பின்னால் திருப்பியாயிற்று. அடுப்பு மணிக்கூடு மட்டும் பழைய நேரத்தில்.

சு. வீட்டுக்குப் போனேன், சேலை பார்க்கிற சாட்டில். ரவி அண்ணை தானே தேத்தண்ணி ஊற்றித் தந்தார். மேடை அலங்காரத்தைப் போனில் காட்டினார்: அன்னப்பறவை இரண்டு, நடுவில் பல்லக்கு. “ஒரே பிள்ளை, தங்கச்சி. குறை வைக்கக்கூடாது.” உண்மையான பாசம், பொய் இல்லை. அதுதான் எனக்குப் பயம்.

குசினிக்குள் சு.விடம்: “இந்தக் கிழமையே போ.”

“ஏனக்கா?”

சொல்லக்கூடாது. சொன்னேன். “மூண்டாம் திகதியோட ஆள் எடுக்கிறதை நிப்பாட்டுறாங்கள்.”

சிரித்தாள். உதடு வெடித்திருக்கிறது, சிரிக்க வலித்திருக்கும். “ஜேர்மன்காரன் அப்பிடிச் சட்டெண்டு ஒண்டையும் பூட்டமாட்டான், அக்கா. ஒரு அன்ராக் படிவம் போட்டாலே ஆறு மாதம் எடுக்கிறவங்கள்.”

இந்த நாட்டில் முப்பது வருஷம் இருந்து நாங்கள் எல்லோரும் படித்த பாடம் அது. கொடுப்பதற்குத்தான் இவர்களுக்கு ஆறு மாதம். நிறுத்துவதற்கு ஒரு மின்னஞ்சல் போதும். அதை எப்படி விளங்கப்படுத்துவது? அதற்குள் ரவி அண்ணை எட்டிப் பார்த்து, “என்ன ரகசியம்?” என்றார். ப்ளவுஸ் அளவு என்றேன்.

நவம்பர் 3, திங்கள்

தடை அமுலில். பி. எல்லோருக்கும் கடிதம் அனுப்பினார். மத்தியானம் கன்ரீனில் பருப்பு சூப், உப்பில்லை.

நவம்பர் 8, சனி

சாமத்திய வீடு. முந்நூறு பேருக்கு மேல். பல்லக்கு கதவால் வராமல் நாலு பெடியங்கள் சரித்துத் தூக்கினார்கள், பிள்ளை வீலென்று கத்தினாள், எல்லோரும் சிரித்தோம். மகள் காலில் விழுந்தபோது ரவி அண்ணை அழுதார். எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மா: “இப்பிடி ஒரு தேப்பன் கிடைக்க வேணுமே.”

சு. மேடையில் பொம்மை மாதிரி. முகப்பூச்சு தடிப்பு. நான் மூன்று வடை சாப்பிட்டேன்.

நவம்பர் 11, செவ்வாய்

சு. போன், ரயில் நிலையத்திலிருந்து. பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டுவிட்டாள். ஒரு தோள்பை மட்டும். சொன்ன சொல் காப்பாற்றினாள், நாங்கள்தான் காப்பாற்றவில்லை.

ஃபிராவ் வெல்லரின் ஆட்கள் இணையத்தில் தேடினார்களாம். காப்பகங்களின் வரைபடம் முழுக்கச் சிவப்பு, இடமில்லை. ஒரேயொரு பச்சை, கார்ல்ஸ்ரூஹேப் பக்கம். வேறு மாநிலம். வெளிமாநிலப் பெண் என்றால் செலவைச் சொந்த நகரம் ஏற்பதாக எழுதித் தர வேண்டும். வியாழன் பகல் பன்னிரண்டுவரை இடத்தை வைத்திருப்பார்களாம்.

எழுதித் தர வேண்டிய பிரிவு எங்களுடையது.

இரண்டு இரவுக்கு அவர்களே ஒரு சின்ன ஹோட்டல் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள், கைக்காசில். எங்கள் வீட்டுக்குக் கூட்டிவரவோ என்று குகனைக் கேட்டேன். “ரவி முதல் தேடி வாறது இஞ்சதான். கதவைத் திறக்காமல் விடுவியோ?” என்றார். கோபம் வந்தது.

நவம்பர் 12, புதன்

கார்ல்ஸ்ரூஹேக் காப்பகத்தின் கோரிக்கை வந்தது. ஒரு பெண், ஒரு பிள்ளை. பெயரோடு.

டுசல்டோர்ஃபுக்கு எடுத்தேன்: “இது நகரங்களுக்கு இடையிலான விஷயம்.” பெர்லின் அமைச்சின் தகவல் இலக்கத்துக்கு எடுத்தேன். இனிமையான பெண்குரல்: “இது மாநிலங்களின் அதிகாரம், நாங்கள் தலையிட முடியாது.” பந்து மாதிரி. உதைபடுகிறது யார் என்று ஒருவருக்கும் தெரிய வேண்டியதில்லை.

பி.யிடம் போனேன். எனக்குத் தெரிந்த பெண் என்று சொன்னேன், வேலை போனாலும் பரவாயில்லை என்று. கதவைச் சாத்தினார். கெட்ட மனுஷன் இல்லை.

“ஒன்றுக்கு விலக்குக் கொடுத்தால் மேலிடம் முழுத் திட்டத்தையும் திருப்பும். பிறகு வெட்டுவது அவர்கள். பள்ளிக்கூடச் சாப்பாட்டிலிருந்து தொடங்குவார்கள். நான் என்ன செய்ய?”

நான் கட்டுகிறேன், என் சம்பளத்தில் பிடியுங்கள் என்றேன். தனியாள் பொறுப்பேற்க ஏலாதாம், அந்தக் காப்பகத்திலும் விசாரித்துவிட்டாராம். உண்மையிலேயே விசாரித்திருக்கிறார். கண் சிவந்திருந்தது.

நவம்பர் 13, வியாழன்

மூடுபனி.

பத்தரைக்கு மறுப்பை அனுப்பினேன், சு.வுக்கும் ஒரு பிரதி. “செலவுத்தடை காரணமாக, வருத்தத்துடன்.” கீழே என் பெயர், என் கையெழுத்து. நான் போடாவிட்டால் பக்கத்து மேசை போட்டிருக்கும். இதை எத்தனை தரம் எனக்கே சொல்லிப் பார்த்தும் நெஞ்சு கேட்கவில்லை.

பன்னிரண்டு அடித்தது. கீழே சதுக்கத்தில் கல் வெட்டுகிற சத்தம்.

நாலு மணிக்குச் சு.விடமிருந்து: “பரவாயில்லை அக்கா. வீட்டை வந்திட்டம். பிள்ளைக்கு நாளைக்குக் கணக்குச் சோதனை.”

கழிவறைக்குள் நின்று அழுதேன்.

நவம்பர் 16, ஞாயிறு

வெயில், ஆனால் சூடில்லாத வெயில். உடுப்புத் தோய்த்துக் காயப்போட்டேன்.

மத்தியானம் ரவி அண்ணை வந்தார். கையில் பலகாரப் பெட்டி. சு.வும் பிள்ளையும் கீழே காரில், ஏறி வரவில்லை. குகன் இருங்கோ என்றார், அவர் இருக்கவில்லை. வாசலில் நின்றபடியே:

“தங்கச்சி, சுதா எல்லாம் சொன்னவ. கடிதத்தையும் காட்டினவ. எனக்குக் கோவமில்லை. பொம்பிளையள் ஒரு ஆவேசத்தில வெளிக்கிடுறதுதான். ஆனா கீழ உங்கட பேரைக் கண்டவுடன எனக்குக் கண் கலங்கிட்டுது. வெள்ளைக்காரி எண்டா ஓமெண்டு சைன் வைச்சு அவவை அனுப்பியிருப்பாள். நீங்கள் எங்கட ஆள். குடும்பம் பிரியக்கூடாதெண்டு மறிச்சியள். சாகுமட்டும் மறக்கமாட்டன்.”

பெட்டியை என் இரண்டு கையிலும் வைத்து, மேலே தன் கையையும் வைத்தார். பெரிய, சூடான கை.

நான் மறிக்கவில்லை, காசு இல்லாமல்தான், இருந்திருந்தால் என் கையால் ரயிலேற்றி விட்டிருப்பேன்: எல்லாம் தொண்டைவரை வந்தது. சொன்னால் அந்தச் சொல் யார் முதுகில் விழும்?

ஜன்னலால் கார் தெரிந்தது. சு. முன்னால் இருந்தாள், நேரே பார்த்தபடி.

“ஓம் அண்ணை,” என்றேன்.