நிலவன் படையலில் ஸ்டேக்

விருத்தாசலம்,
ஞாயிறு மதியம்.

காவியா கண்ணுக்கு,

ஆயா ராஜம்மாள் எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, மஸ்கட் வெயில் உன்னைப் படுத்தாமல், நல்லபடி இருக்க வேண்டும். நான் இருக்கிறேன். கை கால் நன்றாகத்தான் இருக்கிறது. செராமிக் கம்பெனிக்கு நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறேன். இந்தக் கிழவி இன்னும் எதுக்கு வந்து மண் பொம்மைக்குப் பிசிறு சீவுதுன்னு புதுசாக வந்த மேஸ்திரி என் முதுகுக்குப் பின்னால் கேட்கிறானாம். முன்னால் வந்து கேட்கட்டும், பதில் வைத்திருக்கிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதாசி என்று நினைப்பாய். போனில் பேசினால் நான் அழுவேன், நான் அழுதால் நீ வைத்துவிடுவாய். அதுவும் இப்போதெல்லாம் நீ எடுப்பதில்லை. ஆஸ்பத்திரியில் டூட்டி அதிகம் என்று நினைத்துக்கொள்கிறேன். பக்கத்துத் தெரு பாரி லீவில் வந்தவன் புதன்கிழமை மஸ்கட்டுக்குத் திரும்புகிறான். அவன் கையில் இதைக் கொடுக்கிறேன். அஞ்சாவதோடு நின்றவள் எழுதுவது, தப்பு இருந்தால் திருத்திப் படி. எழுத்து மட்டும் அழகாக இருக்கும், அந்தக் காலத்து வாத்தியாரே சொன்னது.

போன ஞாயிறு நம் நிலவனுக்கு வருஷத் தெவசம் முடிந்தது. லீவு கிடைக்கவில்லை, மன்னித்துவிடுங்கள் ஆயா என்று நீ செய்தி அனுப்பியிருந்தாய். பார்த்தேன். நீ வராததால் அந்தக் காரியம் எப்படி நடந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியது என் கடமை.

படையல் என்றால் போனவருக்குப் பிடித்ததை வைக்க வேண்டும். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் களியும் வைத்தேன், அவித்த முட்டை வைத்தேன். அதோடு நிற்க எனக்கு மனசு வரவில்லை. மஸ்கட் ஓட்டல் அடுப்பில் நின்று ஊர் உலகத்துக்கெல்லாம் ஸ்டேக் வாட்டிப் போட்ட பிள்ளை, வீட்டில் உட்கார்ந்து ஆசையாகத் தின்றது உன் பிறந்தநாளுக்கு அவன் செய்ததைத்தான். ஆயா, நீயும் பாத்துக்க என்று அதை வீடியோ எடுத்து எனக்கு அனுப்பினானே, அது இன்னும் போனில் இருக்கிறது. இந்த ஒரு வருஷமாக அதை நான் திறக்கவில்லை. படையலுக்கு முந்தின நாள் திறந்தேன்.

கறிக்கடை பாயிடம் போய், முதுகெலும்புக்கு அடியில் இருக்கிற மெத்துக் கறியில் கெட்டியாக ஒரே துண்டாக வேண்டும், கொத்தாதே என்றேன். என்னா ஆயா, முழுசா வச்சு வேவுமா, பல்லு வேணாமா அதுக்கு என்று சிரித்தான். எனக்கில்லடா, என் பேரனுக்கு என்றேன். கத்தியைக் கழுவி, சவ்வெல்லாம் எடுத்து, இலையில் மடித்துக் கொடுத்தான்.

கறியைக் கழுவக் கூடாது, ஈரம் இருந்தால் பொரியாது என்று வீடியோவில் சொல்கிறான். கழுவாத கறியை நான் அடுப்பில் ஏற்றுவேனா? மஞ்சள் போட்டு அலசிவிட்டுத்தான் மறுபடி போனைப் பார்த்தேன். ஆயா, நீ கழுவிடுவேன்னு எனக்குத் தெரியும், பரவால்ல வுடு, ஒரு துணிய எடுத்து நல்லா ஒத்தி எடுத்துடு என்கிறான். அதற்கு நீ சிரிக்கிறாய். போனைப் பிடித்தது நீ, அதனால் உன் முகம் அதில் இல்லை, சிரிப்பு மட்டும்தான் இருக்கிறது. அவன் துண்டு பெட்டியில் மடித்து இருந்தது. அதை எடுத்து ஒத்தினேன். வீட்டில் வேறு துணி இல்லாமல் இல்லை.

உப்பும் இடித்த மிளகும் மட்டும் தடவி, இரும்புச் சட்டியைப் புகை வரும் மட்டும் காயவிட்டுக் கறியைப் போட்டேன். சட்டி போட்ட சத்தத்தில் என் நாத்தனார் அம்புஜவல்லி கூடத்திலிருந்து ஓடி வந்தாள். எனக்குக் கரண்டி பிடித்த கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. தொடாத ஆயா, தோண்டாத, அதுவா சட்டிய வுட்டு வரும், அப்பறம் திருப்பு என்று அவன் சொன்னபடியே நின்றேன். வந்தது. நல்ல முறுகல். திருப்பிப் போட்டு, வெண்ணெயும் தட்டின பூண்டும் போட்டு, சட்டியைச் சாய்த்து, உருகினதைக் கரண்டியால் மொண்டு மொண்டு கறி மேல் ஊற்றினேன். படையல் சோற்றை ருசி பார்க்கக் கூடாது அல்லவா, கிள்ளிப் பார்க்கவும் வழியில்லை. வெரலால அழுத்திப் பாரு, கட்டைவிரலுக்கு அடியில இருக்கிற சதை மாதிரி இருந்தா எறக்கிடு என்று கையைக் காட்டுகிறான். என் கையை அழுத்தினேன், எலும்புதான் தட்டுப்பட்டது. வீடியோவில் இருக்கிற அவன் கையைப் பார்த்துத்தான் இறக்கினேன்.

இறக்கினதும் வெட்டாத, உள்ள இருக்கிற சாறெல்லாம் ஓடிடும், கொஞ்ச நேரம் சும்மா வுடு ஆயா என்கிறான். வீடியோ அதோடு முடிந்துபோகிறது.

சூடாகவே இலையில் வைத்தேன். சூடம் காட்டினோம். அவன் வந்து சாப்பிடட்டும் என்று எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். வாசலில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது காவியா. இங்கே செத்தவர் சாப்பிட விடுகிற நேரமும், அந்தக் கறியைச் சும்மா விடச் சொன்ன நேரமும் ஒன்றாகிவிட்டது. அவன் உள்ளே இருக்கிறான் என்று நம்பினேன். சிரிக்காதே. கதவைத் தட்டித் திறக்க வேண்டியது மூத்தவள் நான்தான், எனக்குக் கை வரவில்லை. என்னா அண்ணி, அவன் தின்னு முடிச்சிருப்பான், எங்களுக்குப் பசிக்குதுல்ல என்று அம்புஜவல்லி முனகின பிறகுதான் தட்டினேன்.

உள்ளே வந்து, எல்லாருக்கும் பங்கு வைக்க அதை வெட்டினேன். நடுவில் சிவப்பாக இருந்தது, இலையில் கொஞ்சம் சாறு இறங்கியது. அம்புஜவல்லி அய்ய, ரத்தம், பச்சக் கறியவா புள்ளைக்குப் படைச்சே என்று எழுந்துவிட்டாள். உன் மாமனார் பழமலைநாதன் வேப்பூரிலிருந்து வந்திருந்தான். குழம்புல போட்டு வேக வச்சுத் தொலைம்மா என்றான். அதோடு விட்டானா? கட்டுனவ வந்து செய்ய வேண்டியத நீ எதுக்குச் செய்யுற, அவதான் அங்க வேற மாப்பிள்ள பாத்துட்டாளே, வேப்பூரு பக்கத்து மங்களூரு பஸ்ஸுல அவங்க அம்மா சொல்லி என் காதால கேட்டேன், இனிமே அவ நம்ம வூட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாது என்றான்.

அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது காவியா. உன் வாயால் வரவில்லை.

நான் அவனைக் கேட்டேன். நிலவனப் பெத்தவ செத்த வருஷமே நீ வேப்பூர்ல இன்னொருத்தியக் கட்டுன, இந்தப் புள்ளைய என் இடுப்புல வச்சுக்கிட்டே உன் கல்யாணத்துக்குச் சோறு வடிச்சேன், அன்னிக்கு உன்ன எந்த வாசப்படியிலடா நிறுத்துனாங்க என்று. எழுந்து நின்ற அம்புஜவல்லி உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு நான் ஒரு துண்டு எடுத்து, எல்லாரும் பார்க்கத் தின்றேன். உப்பு சரியாக இருந்தது. உள்ளே மெத்தென்று, பூண்டு வாசத்தோடு, எனக்குப் பல் இல்லாத பக்கத்திலேயே மசிந்தது. நல்ல சாப்பாடு. இதைச் செய்து போட்டவனை அந்த ஊர் எப்படிக் கொண்டாடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வேறு யாரும் தொடவில்லை. பழமலைநாதன் மட்டும் ரொம்ப நேரம் இலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு துண்டு எடுத்தான். மெல்லும்போதே அழுதுவிட்டான். அவன் பிள்ளைக்காக அவன் அழுது அன்றுதான் பார்த்தேன்.

உன்னிடம் கோபம் இல்லை. வலிக்கவில்லை என்று பொய் எழுதவும் மாட்டேன். கேட்ட மறுநாள் சீவின பொம்மையில் இரண்டு கழுத்து ஒடிந்துபோனது, வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு அப்படி ஆனதில்லை. ஆனால் உனக்கு என்ன வயசு? அடுப்படியில் நின்றபடியே விழுந்து போய்ச் சேர்ந்தவன் உன்னை யோசிக்க நேரம் எடுத்துக்கொண்டானா? நீ தனியாக அந்த ஊரில் சமைத்து, தனியாகத் தின்று, தனியாகப் படுக்கிறாய் என்று நினைத்து எத்தனை நாள் நான் சோற்றைத் தள்ளி வைத்தேன் தெரியுமா? அந்த மாப்பிள்ளை நல்லவனாக இருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

அவன் பேர்கூட எனக்குத் தெரியாது. போனில் எழுதி அனுப்பு. சம்மதம் கேட்க வேண்டியதில்லை, பேரைச் சொன்னால் போதும். நிலவன் போன பிறகு உனக்கும் எனக்கும் என்ன உறவு என்று ஊரில் கேட்கிறார்கள். பதில் சொல்லச் சிரமமாக இருக்கிறது. எனக்கு அம்மாவப் பெத்த ஆயாவும் உசுரோட இல்ல, அப்பாவப் பெத்த ஆயாவும் இல்ல, இனிமே நீதான் என் ஆயா என்று கல்யாணமாகி வந்த புதிதில் நீதான் சொன்னாய். அதனால் ஒன்று கேட்கிறேன். இதுவரை நான் யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

கல்யாணப் பத்திரிகையில் உன் வீட்டார் பேரோடு என் பேரையும் போடச் சொல். பெண்ணின் ஆயா ராஜம்மாள், விருத்தாசலம் என்று இருந்தால் போதும். உங்கள் ஊர் மங்களூரில் கல்யாணம் என்றால் முதல் பஸ்ஸுக்கே வந்துவிடுவேன். தாலித் தட்டு என் பக்கம் வர வேண்டாம். பின்வரிசையில் உட்காரச் சொன்னால் உட்காருவேன். ராஜம்மாள் எங்கேயும் பின்வரிசையில் உட்கார்ந்தவள் இல்லை, உனக்காக உட்காருவேன்.

மஸ்கட்டில் மல்லிகைப்பூ கிடைக்கிறது என்று பாரி சொன்னான். தலை நிறைய வைத்துக்கொண்டு எனக்கு ஒரு போட்டோ அனுப்பு கண்ணு. இந்தத் தடவை முகம் தெரியட்டும்.

உன் ஆயா,
ராஜம்மாள்