ஸ்டில் எடுத்தவர் பெயர்

செவ்வாய்க்கிழமை நம் நூலகத்தின் சினிமா ஸ்டில் பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டை வாசனை குப்பென்று அடித்தது. ஓய்வு பெறுவதற்கு முன் நீங்கள் கைநிறைய அள்ளிப் போட்டுவிட்டுப் போனது, இன்னும் கரைந்து தீரவில்லை. தும்மிக்கொண்டே பழைய படங்களை மேசைமேல் பரப்பினேன். முதலாண்டு சினிமா மாணவர்களுக்கு அன்று என் வகுப்பு: நூலகத்தில் எப்படித் தேடுவது, கிடைத்ததை எப்படிச் சரிபார்ப்பது.

அந்த வகுப்புக்கென்று வருஷக்கணக்காக ஒரே ஸ்டில்தான் வைத்திருந்தேன், உங்களுக்குத் தெரியாததா? மழையில் நனைந்த ரிக்‌ஷாவில் கதாநாயகி உட்கார்ந்திருப்பாள். இதை எடுத்தது யார் என்று கேட்பேன். நம் நூலகக் கேட்டலாகில் ஒரு பெயர், ஒரு புத்தகத்தில் அதே பெயர், இணையதளத்திலும் அதே பெயர். "மூணு இடத்துல ஒத்துப்போனா நம்பலாம்" என்பேன். என்ன ஒரு மிடுக்கு எனக்கு!

ஒரு வருஷம் பெட்டியைத் தூக்கிவந்து வைத்துவிட்டு நீங்கள் போகாமல் நின்றீர்கள். அட்டெண்டர் வகுப்பில் பேசுவது வழக்கமில்லை. பேசினீர்கள்.

"தப்பா கீது மேடம். இது எங்க நைனா புடிச்ச படம். பின்னாடி கீற ஸ்டாம்பு, தி.நகர்ல பிரிண்ட் போட்ட கடையோடது."

எனக்குச் சுருக்கென்றது. அந்த ரப்பர் ஸ்டாம்பைப் பார்த்துப் பெயரைக் கேட்டலாகில் ஏற்றியவள் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெட்டி முழுக்க அப்படித்தான் அவசரமாக முடித்தேன். புத்தகம் எழுதியவர் நம் கேட்டலாகைப் பார்த்து எழுதினார். இணையதளம் புத்தகத்தைப் பார்த்துப் போட்டது. மூன்று சாட்சியும் நான்தான். ஒத்துக்கொள்ள வாய் வரவில்லை. "ஆதாரம் இருந்தா கொண்டு வாங்க, பார்ப்போம்" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நீங்களும் லேசாகச் சிரித்துவிட்டு வெளியே போனீர்கள்.

அடுத்த வாரமே கொண்டுவந்தீர்கள். மந்தைவெளி வீட்டுப் பரணில் தேடி எடுத்த நெகட்டிவ், பட்டர் பேப்பர் உறையில். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அதே ரிக்‌ஷா, அதே மழை. உறைமேல் உங்கள் அப்பாவின் பெயர்.

"சரிதான். ஸ்டாக் எடுக்கும்போது மாத்திடலாம்" என்றேன்.

"அவசரம் ஒண்ணியும் இல்ல மேடம். நைனா இன்னா, இனிமே வந்து கேக்கவா போறாரு?"

நீங்கள் மரியாதைக்குச் சொன்னதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அந்த வருஷம் ஸ்டாக் எடுக்கவில்லை. பிறகு மென்பொருளை மாற்றினார்கள். பிறகு இன்ஸ்பெக்‌ஷன். காரணத்துக்கா பஞ்சம்? உண்மையில் எனக்கு வெட்கம். மாற்றினால் ஏன் என்று யாராவது கேட்பார்களே. அந்த ஸ்டிலை வகுப்புக்கு எடுப்பதையே நிறுத்தினேன். இரண்டு முறை ஞாபகப்படுத்தினீர்கள், அப்புறம் விட்டுவிட்டீர்கள். ஓய்வு பெற்றீர்கள். போன ஆடியில், நீங்கள் போய்விட்டீர்கள் என்று உங்கள் மகள் போனில் அழுதாள்.

செவ்வாய்க்கிழமை அதே ஸ்டில் கையில் வந்தது. வாய் பழக்கத்தில் பழைய பாடத்தையே ஒப்பித்தது. ஒரு பெண் கை தூக்கினாள்.

"மேம், இந்த மூணு பேரும் எங்கேர்ந்து எடுத்தாங்க?"

"என்கிட்டேர்ந்து" என்றேன். திரையில் எல்லோரும் பார்க்கவே பழைய பெயரை அழித்து உங்கள் அப்பாவின் பெயரை அடித்தேன். நான்கு நிமிஷம்கூட ஆகவில்லை. இதற்கு நீங்கள் போகும்வரை காத்திருந்தேன், பாவி.

ஆதாரம் என்றொரு கட்டம் இருக்கிறதே, அதை நிரப்ப அன்று சாயந்திரம் அந்த நெகட்டிவைக் கேட்டு உங்கள் மகளைக் கூப்பிட்டேன். "வீடு காலி பண்ணப்போ அப்பா பொட்டி எல்லாத்தையும் எடைக்குப் போட்டுட்டோம் ஆன்ட்டி" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? கையில் இருந்த அன்றே ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கலாம். கட்டத்தில், "எடுத்தவரின் மகன் சொன்னது, நெகட்டிவை நான் பார்த்தேன்" என்று எழுதினேன்.

இணையதளத்துக்கும் எழுதிப் போட்டேன். இன்று காலை பதில் வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள்: ஆதாரம் இருந்தால் அனுப்புங்கள், பார்க்கிறோம்.

அசதியாக இருக்கிறது. அத்தனை பேர் முன்னால் அன்று உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் உறைக்கிறது. உங்களைப்போலச் சிரித்துவிட்டுப் போக எனக்கு வரவில்லை. மறுபடியும் அவர்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.