மாமியார் கண்ணும் சின்ன லீவரும்

ஜீப்பு வைத்தியர் ஐயாவுக்கு,

சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் மூடி வெச்சிருக்கேன். சாவி மாடத்துல.

எங்கம்மாவை ஆத்து மணல் வழியா கூட்டிகினு வந்த நாள்லேர்ந்து ஜீப்பு திரும்புறப்போ கடகடங்குது, அவங்க கண்ணு பட்டுப்போச்சுன்னு சொன்னீங்க. எலுமிச்சம்பழம் நசுக்கினீங்க, பூசணிக்காய் உடைச்சீங்க, கியர்பாக்ஸையும் பிரிச்சுப் போட்டு மாட்டினீங்க.

மணல்ல நாலு வீலும் இழுக்கணும்னு சின்ன லீவரைப் போட்டீங்களே, அதை எடுத்தீங்களா? காலையில எட்டிப் பார்த்தேன், போட்டபடியே இருக்குது. தார் ரோட்டுலயும் அப்படியே ஓட்டிகினு இருந்தா, திரும்புறப்போ முன்வீலும் பின்வீலும் மல்லுக்கட்டாம மேளச் சத்தமா வரும்?

லீவர் இறுகியிருந்தா கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்க, தானா விட்டுக்கும்.

பஸ்ஸுல சேவூருக்கு, அம்மா வீட்டுக்குப் போறேன். சாயந்திரம் வந்து கூட்டிகினு வாங்க.

தெய்வநாயகி

பி.கு: அம்மாவும் வராங்க. முன்சீட்டு அவங்களுக்கு. வழியில சத்தம் வந்தா, கண்ணு யாருதுன்னு அவங்களையே கேட்டுக்குங்க.