திருடனைக் காட்டிக்கொடுத்த என் கணவரையே திருடனாக்கியது குறித்து

அனுப்புநர்:
இ. ராமுத்தாய், க/பெ. இசக்கிமுத்து,
பனியன் கம்பெனி செக்கிங் தொழிலாளி,
மங்கலம் சாலை, திருப்பூர்.

பெறுநர்:
காவல் துணைக் கண்காணிப்பாளர் அவர்கள்,
திருப்பூர்.

பொருள்: துணித் திருட்டைத் துப்பறிந்து சொன்ன என் கணவர் மீதே போட்ட வழக்கை மறுவிசாரணை செய்ய வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் ஒரு காலத்தில் திருடியவர்தான். தையல் மெஷின் மோட்டார்களைத் திருடி, தண்டனையும் அனுபவித்தார். வெளியே வந்தபின் ஊசியைக்கூடத் தொட்டதில்லை. அயர்ன் வேலைக்குப் போனார்.

2. எங்கள் பகுதி இன்ஸ்பெக்டர் ஐயாதான் அவரைக் கூப்பிட்டு, பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றின் சிடியைக் கொடுத்தார். திருடன் ஒருவன் துப்பறிவாளனாகி ஊர் மெச்ச வாழும் கதை. "நீயும் இப்படி ஆகலாம்டா" என்றாராம். இந்த மனிதர் நம்பினார். "அது சினிமா. அவன் வேஷத்தைக் கலைச்சிட்டு வீட்டுக்குப் போயிருவான். நீரு எங்க போவீரு?" என்று கேட்டேன். என் பேச்சை என்றைக்குக் கேட்டார்?

3. சம்பளமில்லாமல் சில திருட்டுகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். பத்திரிகையில் இன்ஸ்பெக்டர் ஐயாவின் படம் வந்தது.

4. ஆடியில் தரணீதரன் முதலாளியின் குடோனில் துணி ரோல்கள் காணாமல் போயின. இவரை அழைத்துப் போனார்கள். "வெளித்திருடன் மோட்டாரைத்தான் கழத்துவான் சார். ரோலைத் தூக்க வண்டி வேணும். இது வீட்டாள் வேலை" என்றார். தேடிப்போய், முதலாளியின் மச்சினன் மயில்சாமியின் பல்லடம் கோழிப்பண்ணையில் ரோல்கள் கிடப்பதைப் பார்த்துவந்து, உள்ளதை உள்ளபடி சொன்னார். அதுதான் அவர் செய்த குற்றம்.

5. முதலாளி ஸ்டேஷனுக்கு வந்து, "ஏனுங்க சார், ஒரு கள்ளன் பேச்சைக் கேட்டுப்போட்டு எங்க ஊட்டாளையே சந்தேகப்படறீங்களா?" என்றார். அன்றே வழக்கு என் கணவர் மேல் திரும்பியது. திருடாமல் ரோல் இருக்கும் இடம் எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

6. ஒப்புக்கொண்டால் சீக்கிரம் விடுவார்களாம். ஒப்புக்கொள்ளப் போகிறேன் என்று சிறையில் என்னிடம் சொன்னார். செய்யாத திருட்டுக்கும் அவர் தலைகுனிய வேண்டுமா, ஐயா?

7. சென்ற மாதமும் தங்களுக்கு மனு கொடுத்தேன். ரோல் இறக்கியதைப் பார்த்த பண்ணைக் காவலாளி மொக்கைச்சாமியைச் சாட்சியாக எழுதியிருந்தேன். மனு விசாரணைக்கென்று அதே இன்ஸ்பெக்டர் ஐயாவிடமே போனது. மறுநாளே மொக்கைச்சாமியின் வேலை போயிற்று. இப்போது என்னைக் கண்டால் தெருமாறிப் போகிறார்.

எனவே வேறு அதிகாரியைக் கொண்டு விசாரித்து என் கணவரை மீட்டுத் தர வேண்டுகிறேன். இன்னொரு சாட்சியும் உண்டு. பெயரை இதில் எழுத மாட்டேன். தாங்கள் நேரில் அழைத்தால், தங்கள் காதில் மட்டும் சொல்வேன்.

இடம்: திருப்பூர்
நாள்: 9.10.2006

இப்படிக்கு,
இ. ராமுத்தாய்