ஜன்னலைச் சாத்தியது தப்பு

செவ்வாய்க்கிழமை, இரவு.

முப்பது வருடமாகப் பட்டு நெய்கிறேன். பட்டுப்பூச்சியை இன்றுதான் பார்த்தேன். பூச்சி வெளியே வருவதற்குள் கூட்டை அவித்துவிடுகிறார்கள். என் தறிக்கு வருவது நூல் மட்டும்தான். விலங்கியல் படிக்கும் மகள் கலா, பண்ணையிலிருந்து ஒரு கூட்டைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள். காலையில் அதிலிருந்து வெள்ளையாக ஒரு பூச்சி வந்தது. பறந்துவிடுமே என்று ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன்.

கலா சிரித்தாள். "அது எங்கயும் போவாதுப்பா. றெக்க இருக்குது, பறக்க முடியாது."

"ஏம்மா, எதனா சீக்கா?"

"இல்லப்பா. காட்டுல இருக்கிற இதோட சொந்தம் நல்லா பறக்குது. மனுசங்க தட்டுல வெச்சி தீனி போட்டாங்க. ஓடாம கெடந்ததையே வெச்சிக்கினு, அதோட முட்டையிலருந்தே அடுத்தத வளத்தாங்க. ஆயிரக்கணக்கான வருசம். ஒடம்பு கனத்துப்போச்சு, றெக்க சோந்துபோச்சு. இப்ப போவணும்னாலும் முடியாது."

ஜன்னலைத் திறந்து, பூச்சியைக் கையில் ஏந்தி வெளியே நீட்டினேன். படபடவென்று சிறகடித்தது. உள்ளங்கையை விட்டு எழவே இல்லை. எனக்குச் சிலிர்த்துவிட்டது. பக்கத்திலேயே இருந்ததால் பறக்க முடியாமல் போனது. பறக்க முடியாததால் பக்கத்திலேயே இருக்கிறது. எத்தனை தலைமுறை, எத்தனை கை!

மைசூரில் கலாவுக்கு மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. வீட்டுச் சோறு இல்லாமல் எப்படி இருப்பாய் என்று சொல்லிச் சொல்லியே பத்து நாளாக நான் சேர்க்கைக் காகிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. இன்று அவள் அதைக் கேட்கக்கூட இல்லை. கேட்காததுதான் பயமாக இருக்கிறது.

பேனா கையில் இருக்கும்போதே அந்தக் காகிதத்தை எடுத்து வந்துவிடுகிறேன்.