அக்கா பிடித்த எலி

12.8.1984, ஞாயிறு. ஈப்போ, மலேசியா.

அக்காவுக்குப் பார்வை போய் எட்டு மாதமாகிறது. கேரம் பலகையை அலமாரிக்குப் பின்னால் தள்ளச் சொன்னவள், அதன்பின் எந்த விளையாட்டுக்கும் வரவில்லை. இன்று மத்தியானம் கெஞ்சிக் கூத்தாடி, நான் எழுதிய கம்ப்யூட்டர் விளையாட்டின் முன் உட்கார வைத்தேன். திரையில் ஒன்றும் தெரியாது. அதற்குள் ஓர் எலி எங்கோ ஒளிந்திருக்கும். விசையை அழுத்தித் தேட வேண்டும். நெருங்க நெருங்க 'பீப்' சத்தம் கீச்சென்று உயரும்.

முதல் ஆட்டத்திலேயே என்னை முந்திவிட்டாள். ஆனால் முகம் சுருங்கிப் போயிற்று.

"பாவம்னு விட்டுக் கொடுத்தியா?"

"சத்தியமா இல்லலா, அக்கா."

நம்பவில்லை. என் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டாள்.

"இப்ப வெளையாடு, பாப்போம்."

எனக்கு விரல் வியர்த்தது. சத்தம் ஏறியது, இறங்கியது. இடமா வலமா என்று புரியாமல் தடுமாறினேன். பதினான்கு முறை அழுத்தியும் எலி அகப்படவில்லை. அவளுக்கு ஆறே முறைதான் ஆகியிருந்தது.

திடீரென்று அக்கா சிரித்தாள். "டேய், ஒனக்குக் காது செவிடா?"

சமையலறையிலிருந்து அம்மா ஓடி வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். அந்தச் சிரிப்பைக் கேட்டு மாதக்கணக்காயிற்று.

சாயங்காலம் வரை அவள் ஆட்டத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. நாளைக்கு இரண்டு எலி வைக்கச் சொல்லியிருக்கிறாள். அதை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியாது. சரி என்று சொல்லிவிட்டேன்.